தீர்க்கதரிசி சொன்ன கழுதை

இயேசு கழுதைமேல் எருசலேமுக்குள் நுழைந்ததை நினைவுகூரும் குருத்தோலைப் பவனி தம் வீதிக்குள் நுழையலாகாதென்று ஜமீன்தார் பல்லக்கை நடுவே நிறுத்தித் தடுத்தார்.

“அரசர் கழுதைமேல் வருவாரென்று செக்கரியா தீர்க்கதரிசி எழுதினார். இயேசு அதைப் படித்துவிட்டு ஏறிக்கொண்டார். இதுவா நிறைவேற்றம்? படித்தவன் எவனும் ஏறலாமே! மறுத்துச் சொல்ல ஆளிருந்தால் வழிவிடுகிறேன்.”

குருவானவர் வேதபுத்தகத்தைப் புரட்டிப் பதில் தேடினார். கோயில் உடுப்புகளை வெளுக்கும் சவேரியாயி, தன் கழுதையைப் பல்லக்கின் அருகே கொண்டுவந்தாள்.

“மகாராஜாவும் படிச்சவுகதானே சாமி. ஒருதரம் ஏறி வீதியச் சுத்தி வாங்க.”

“சீ! ஊரே சிரிக்குமடி! ராஜவம்சத்தில் பிறந்தவன் கழுதைமேல் ஏறுவதா?”

“அதான் சாமி. படிச்சவுக ஆயிரம் பேரு உண்டு. ராஜாவா இருந்தும் ஏறினவரு ஒருத்தருதான்.”

ஜமீன்தார் பல்லக்கை ஓரமாக நகர்த்தச் சொல்லித் திரையை இழுத்துவிட்டார். பவனி அவ்வீதி வழியே சென்றது. கழுதை முன்னே நடந்தது.