ஐந்து குவியலில் ஒரு புன்னங்கொட்டை

கடலோரத் தோப்புக் குட்டையில் ஒரு தவளையும் அதன் மனைவியும் குடியிருந்தன. குட்டை நிறையத் தலைப்பிரட்டைகள். இன்னும் வால்கூட உதிராத பிள்ளைகள். தண்ணீரை விட்டு வெளியே வந்தால் உயிர் தங்காது.

ஒரு நாள் உடும்பு வந்தது. "தம்பி, ஒரு விளையாட்டு! அஞ்சு இலைக் குவியல் வைக்கிறேன். ஏதோ ஒண்ணுல புன்னங்கொட்டையை ஒளிப்பேன். நீ ஒரே ஒரு குவியலைத்தான் கலைக்கணும். கொட்டை கிடைச்சா என் பாறைச் சுனை உனக்கு. கிடைக்கலைன்னா இந்தக் குட்டை எனக்கு!"

பாறைச் சுனை கோடையிலும் வற்றாது. தவளைக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"கிடைக்கும், இல்லேன்னா கிடைக்காது. ரெண்டுல ஒண்ணு! அப்ப பாதிக்குப் பாதி!" என்று குதித்தது.

"அதேதான் தம்பி! உனக்கும் எனக்கும் சரிசமம்!" என்று உடும்பு தலையாட்டியது. இப்படித் தலையாட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முதலில் பந்தயம் இல்லாமல் சும்மா நான்கு முறை ஆடிப் பார்த்தன. நான்கிலும் தவளை கோட்டை விட்டது. பாதிக்குப் பாதி என்றால் இரண்டு தடவையாவது கிடைத்திருக்க வேண்டுமே? அதற்கு ஒன்றும் புரியவில்லை.

வேடிக்கை பார்த்த நண்டு, "நாலு தடவை தப்பிப் போச்சு. இப்போ கண்டிப்பா மாட்டும்!" என்றது.

"கடைசிக் குவியல்லதான் ரெண்டு தடவை இருந்துச்சு. அதையே கலை!" என்றது அணில்.

"அதனாலதான் இனி அங்கே இருக்காது!" என்று நண்டு சீறியது.

"போன தடவை எங்கே இருந்தோம்னு கொட்டைக்கு ஞாபகம் இருக்குமா?" என்று தவளை பாவமாகக் கேட்டது.

தவளைக்குத் தலை கிறுகிறுத்தது. முதல் குவியலா? கடைசியா? என்ன ஆனாலும் பாதிக்குப் பாதிதானே! பந்தயத்துக்குச் சம்மதம் சொல்ல வாயைத் திறந்தது.

மனைவி குறுக்கே பாய்ந்தது. "ஏங்க, கொஞ்சம் இருங்க! உடும்பண்ணே, ரெண்டு பேருக்கும் சரிசமம்னுதானே சொன்னீங்க?"

"ஆமா தாயி, சத்தியமா!"

"அப்ப இடம் மாத்திக்குவோம். அதே பந்தயம்தான். நாங்க ஒளிக்கிறோம், நீங்க கண்டுபிடிங்க!"

உடும்புக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெப்படி? அஞ்சுல நாலு வெறுங்குவியலாச்சே! என் சுனை போயிடும்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டது.

தவளை ஐந்து குவியலையும் பார்த்தது. பிறகு குட்டையில் நெளிந்துகொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்தது.

"உங்க சுனை உங்களுக்கே இருக்கட்டும் அண்ணே!" என்று சொல்லிவிட்டுக் குட்டைக்குள் குதித்தது.

முடிவு இரண்டுதான் என்றாலும் இரண்டுக்கும் வாய்ப்பு சமம் ஆகிவிடாது. எத்தனை வழியில் ஜெயிப்போம், எத்தனை வழியில் தோற்போம் என்று எண்ணிப் பார்க்காமல் கையில் இருப்பதைப் பணயம் வைக்காதீர்கள்.