பத்து லட்சத்து மூன்று

மண்பானைக்குள் கழற்சிக்காய் விழும் ஓசை. எண் கற்ற மடத்தில் அதைக் கேட்டது எவ்வளவோ காலத்துக்கு முன்பு. மழை விட்ட பிறகு கூரை சொட்டினால், இப்போதும் எனக்கு அதுதான் கேட்கிறது.

ஓர் எண்ணை இன்னொன்று மீதியில்லாமல் வகுத்துவிட்டால், உடைந்தது என்போம். மீதி நின்றால் பானையில் ஒரு காயைப் போட்டுவிட்டு அடுத்ததால் வகுக்க வேண்டும். எடுத்த எண் உடையும்வரை எடுத்தவனுக்குச் சோறு கிடையாது என்பது மடத்து வழக்கம். பெரும்பாலும் மாலைக்குள் உடைந்துவிடும். எல்லோரும் உண்டபின்தான் ஆசான் உண்பார்.

பத்து லட்சத்து ஒன்றை நூற்றொன்றால் உடைத்த சேந்தனை ஒரு மழைக்காலத்து நாளில் எல்லோரும் கொண்டாடினோம். மூத்தவனான நன்னாகனுக்குப் பொறுக்கவில்லை. பத்து லட்சத்து மூன்றை உடைப்பேன் என்று எல்லோர் முன்னும் சபதம் செய்தான்.

"ஐந்தில் முடிகிற எண்ணாக எடு அண்ணா. இராச்சோறாவது கிடைக்கும்" என்றான் சேந்தன்.

நாங்கள் அம்மா என்றழைத்த எங்கள் ஆசான் மாசாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை.

காய் விழுந்துகொண்டே இருந்தது. நாட்கள் போயின. நன்னாகன் தண்ணீர் மட்டும் குடித்தான். மணற்பலகையில் எழுதும் விரல் நடுங்கியது. சேந்தனே போய்க் காலைப் பிடித்துக் கெஞ்சினான். அவன் நிமிரவில்லை. ஆயிரத்தைத் தாண்டியும் வகுத்தான். ஒரு காய்க்கும் அடுத்த காய்க்கும் நடுவே நேரம் நீண்டது. சமையற்கட்டில் நாங்கள் பேச்சை நிறுத்திக் காத்திருப்போம்.

ஒரு பகலில் காய் விழவே இல்லை. ஓடினோம். சுவரில் சரிந்து கிடந்தான். கண் மட்டும் திறந்திருந்தது.

மாசாத்தியார் சுவரைப் பிடித்தபடி வந்தார். கையில் ஒரு கலம் கஞ்சி. அதைக் கீழே வைத்துவிட்டு, மணற்பலகையில் பன்னிரண்டு காய்களை அடுக்கினார்.

"என்ன தெரிகிறது?"

"மூன்று வரிசை. வரிசைக்கு நான்கு."

பலகையைப் பக்கவாட்டில் திருப்பினார். "இப்போது?"

"நான்கு வரிசை. வரிசைக்கு மூன்று."

"புதிதா?"

"அதேதான்." நெடுநேரம் பலகையையே பார்த்தான். "ஆயிரத்துக்கு மேல் ஒன்று என் எண்ணை வகுத்தால், அதைப் பெருக்கும் துணை எண் ஆயிரத்துக்குள் இருந்திருக்கும். அதை முன்பே கண்டிருப்பேன்."

"கண்டாயா?"

"இல்லை." அவரை நிமிர்ந்து பார்த்தான். "இது உடையாது. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"ஏன் சொல்லவில்லை?"

"உடையுமா என்று நீ கேட்கவில்லை. உடைப்பேன் என்றாய்."

நன்னாகன் கலத்தைத் தள்ளி வைத்தான். "எல்லோர் முன்னும் சொன்ன சொல், அம்மா. எண் உடையாமல் எப்படி உண்பேன்?"

மாசாத்தியார் கலத்தை மறுபடி அவன் பக்கம் நகர்த்தினார். கஞ்சி தளும்பித் தரையில் சிந்தியது. அவர் கையும் நடுங்குவதை அப்போதுதான் பார்த்தோம்.

"எண்ணுக்குப் பசிக்காது, நன்னாகா. எனக்குப் பசிக்கிறது."

அவன் கஞ்சியைக் குடித்தான்.

அந்த மழைக்காலம் முடியும் முன்பு மாசாத்தியார் இறந்துபோனார்.