வெயில் பிடித்த நாற்காலி

முன்னொரு காலத்திலே, கழுதைக்கும் கவரி வீசிய ஒரு நாட்டை இளங்கதிரன் என்றொரு ராஜா ஆண்டான். சூரியன் தனக்கு முப்பாட்டன் முறை என்று அவனுக்கு ஒரே பெருமை.

பங்குனியில் முடிசூட்டினார்கள். அன்று காலை கிழக்குச் சாளரம் வழியே வந்த முதல் வெயில் நேரே மகுடத்தில் விழுந்தது. "பார்த்தீர்களா, பாட்டனார் வந்துவிட்டார்!" என்றான் ராஜா. சபையே கைதட்டியது.

சித்திரை பிறந்தது. வெயில் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து, சிம்மாசனத்துக்கு வலப்பக்கம் இருந்த அமைச்சர் குழைக்காதர் மடியில் போய் விழுந்தது. ராஜா முகம் கறுத்தது.

அந்த ஆசனத்துக்கு வெகுநாளாக நாக்கைத் தொங்கப்போட்டிருந்தவர் பிரதானி செண்பகராயர். "மகாராஜா, அமைச்சர் மந்திரம் போட்டுச் சூரியனைத் தன் பக்கம் இழுக்கிறார். இன்று வெயில், நாளை மகுடம்!" என்றார்.

"சிம்மாசனத்தைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன?" என்றார் குழைக்காதர்.

"நான் நகர்வதா? பாட்டனாரல்லவா நகர வேண்டும்! உம் தலையை வாங்குகிறேன்!"

"வாங்குங்கள் அரசே. அதற்கு முன் என்னை இருட்டுச் சிறையில் போடுங்கள். மந்திரம் என்னுடையது என்றால் வெயில் என் பின்னாலேயே வரும். வராமல் அங்கேயே விழுந்தால், அங்கே இருப்பவர்தான் திருடர். ராயரே, என் ஆசனம் உமக்கு. சம்மதமா?"

"சம்மதம், சம்மதம்!" ராயர் அப்போதே போய் உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலை வெயில் ராயர் தொந்தியில் விழுந்தது. "ஓய், நீருமா?" என்றான் ராஜா.

ராயர் பதறி நாற்காலியை இன்னும் வலப்பக்கம் இழுத்தார். நாலு நாள் நிம்மதி. பிறகு வெயில் வந்து காதைத் தொட்டது. மறுபடி இழுத்தார். இடப்பக்கம் போயிருந்தால் தப்பித்திருப்பார். ஆனால் உச்சிப்பொழுதுவரை உறங்குகிற மனிதருக்குச் சூரியன் போகிற திசை எங்கே தெரியும்? வைகாசி பாதியில், செருப்பு விடும் மூலையில் சுவரோடு ஒட்டிக்கொண்டு, "மகாராஜா, நான் கூப்பிடவே இல்லை, அதுவே வருகிறது!" என்று அழுதார்.

சபை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. ராஜா அமைச்சரைச் சிறையிலிருந்து வரவழைத்தான்.

"அரசே, சூரியன் ஆறு மாதம் வடக்கே நடக்கும், ஆறு மாதம் தெற்கே நடக்கும். அது வடக்கே நடந்தால் வெயில் எதிர்ப்பக்கம், இந்தத் தெற்கு மூலைக்கு வரும். ஆனியில் திரும்பும். புரட்டாசியில் உங்கள் மகுடத்துக்கு வரும். அங்கேயும் நிற்காது."

ராஜா குரலைத் தாழ்த்தினான். "அப்படியானால் பங்குனியில் அவர் எனக்காக வரவில்லையா?"

"வந்தது அரசே. போகிற வழியில் நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள்."

ராஜா சுற்றிலும் பார்த்தான். பிறகு அவனே சிரித்துவிட்டான். சத்தம்தான் கொஞ்சம் குறைவு.

"உமது ஆசனம் உமக்கே. வேறென்ன வேண்டும், கேளும்."

"கோடை முடிகிறவரை சிறையிலேயே இருக்க உத்தரவு கொடுங்கள். அரண்மனையில் குளுமையான இடம் அது ஒன்றுதான்."

"அப்படியே ஆகட்டும்," என்ற ராஜா மூலைப் பக்கம் திரும்பினான். "ராயரே, நாளை முதல் ஒரு வருஷத்துக்கு விடியுமுன் கோட்டை மதிலேறி, சூரியன் எங்கே உதிக்கிறது என்று பார்த்துச் சொல்லும்!"

"மகாராஜா, விடியுமுன் எழுந்து எனக்குப் பழக்கமே இல்லையே!"

"தெரிகிறது," என்றான் ராஜா.

ராயர் நாற்காலியைத் தலையில் தூக்கிக்கொண்டு போனார். அமைச்சர் தாமே சிறைப் பக்கம் நடந்தார். சபை கலைந்தது. ராஜா மட்டும் மிஞ்சினான். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, செருப்பு மூலைக்குப் போய் அந்த வெயிலில் சற்று நின்றான். பிறகு மகுடத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தான்.