கூகைமலையில் ஊன்றிய கால்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் இன்றைக்கு ராத்திரி என் பல்செட்டு டம்ளரிலிருந்து எழுந்து வந்து என்னையே கடிக்கட்டும். கூகைமலை மேல் சத்தியம். அந்த மலையைச் சுற்றிக்கொண்டு ஏறும் தார் ரோட்டின் மேல் சத்தியம். போதாதென்றால் உங்கள் தலையைக் கொடுங்கள், அதன் மேலும் அடித்துத் தருகிறேன்.

கூகைமலை ரோடு அப்படியொரு செங்குத்து. காக்கை பாதி தூரம் பறந்துவிட்டு மீதியை நடந்துதான் ஏறும். மூடுபனி இறங்கிவிட்டால் அதில் ஆணி அடித்துச் சட்டையை மாட்டலாம்.

உச்சியில் 'அந்திநிழல்' என்று ஓர் இல்லம். டாக்டர்கள் கைவிட்டவர்கள் வலியில்லாமல் கண்மூடுவதற்கான இடம். அந்த இல்லத்துக்காக வருஷத்துக்கு ஒருமுறை கீழ்நாட்டிலிருந்து சைக்கிள் பயணம் கிளம்பும். விடியலில் புறப்பட்டு, மேடும் பள்ளமுமாக நாளெல்லாம் மிதித்து, கடைசியில் மலையேற வேண்டும். ஒருவர் எவ்வளவு தூரம் மிதிக்கிறாரோ அதற்குத் தக்கபடி அவருடைய தெருக்காரர்கள் இல்லத்துக்கு அரிசியும் மருந்தும் வாங்கிக் கொடுப்பார்கள்.

பயணத்தை நடத்துவது தமயந்தி டீச்சர். பள்ளிக்கூடத்தில் ஒருநாளும் சாக்பீஸ் பிடித்தவரில்லை. மலையில் சைக்கிள் ஏற ஆசைப்பட்டவர்களெல்லாம் அவரிடம்தான் போய் நிற்பார்கள். அதனால் ஊருக்கே டீச்சர்.

அவரிடம் ஒருநாள் குழந்தைவேலு போய் நின்றார். பெயரில்தான் குழந்தை, டீச்சரைவிட இருபது வயது மூத்தவர். வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டியவர். ஆக்சிலேட்டரைத் தவிர வேறெதையும் மிதித்தறியாத கால்.

"டீச்சர், எனக்குக் கூகைமலை ஏறக் கத்துக் குடுங்க."

"மொதல்ல கடைத்தெரு வரைக்கும் நடந்து பழகுங்கண்ணா."

"ஏறுனா மட்டும் பத்தாதுங்க. அடிவாரத்துல உக்காந்தா உச்சியிலதான் கால் தரையில படணும். நடுவுல ஊனக் கூடாது."

டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கு?"

"எம் பொண்டாட்டி பூவாத்தாளுக்கு. மேல இல்லத்துலதான் கெடக்குறா."

அந்தப் பக்கத்தில் அப்படியொரு வேண்டுதல் உண்டு. அந்தக் காலத்தில் கோயில் திருவிழாவுக்கு நோன்பி சாட்டினால் மைதானத்தில் சைக்கிள் ஆட்டக்காரன் வருவான். நாள் கணக்கில் இறங்காமல் வட்டம் சுற்றுவான். அவன் கால் மண்ணில் படாதவரை நாம் நினைத்தது பலிக்கும் என்று பெண்கள் ஹேண்டில்பாரில் மஞ்சள் கயிறு கட்டுவார்கள். ஆட்டக்காரன் போய்விட்டான், நம்பிக்கை மட்டும் மலைரோட்டில் ஏறிக்கொண்டது.

டீச்சருடைய அப்பாவே அப்பேர்ப்பட்ட ஆட்டக்காரர்தான். சைக்கிள் மேலேயே குளிப்பார், சவரம் செய்துகொள்வார், கெளுத்தி மீனை முள் எடுத்துச் சாப்பிடுவார். ஒருமுறை அயர்ந்து தூங்கிவிட்டாராம், சைக்கிள் தானாகவே சுற்றிக்கொண்டிருந்ததாம். விழித்ததும் இறங்காமலேயே அதைத் தொட்டுக் கும்பிட்டாராம். சிரிக்காதீர்கள், பல்செட்டு இன்னும் டம்ளரில்தான் இருக்கிறது.

டீச்சர் குழந்தைவேலுவை முதலில் மலைக்கே கூட்டிப் போகவில்லை. களத்துமேட்டில் வட்டம் போடச் சொன்னார். ஆமை முந்திக்கொண்டு போகிற வேகத்தில்.

"இப்படி மெதுவாப் போனா எப்பங்க மலை ஏறுறது?"

"வேகமாப் போறப்ப யாருண்ணா விழுறாங்க? நிக்கப்போற வேகத்துலதான் கால் தானா எறங்கும்."

ஒரு நாள் சுற்றிக்கொண்டே குழந்தைவேலு கேட்டார். "உங்கப்பா ஒரு தடவைகூட ஊனுனதே இல்லைங்களா?"

"இல்ல. என் தங்கச்சிக்குக் காய்ச்சல் கண்டு இழுத்துட்டுக் கெடந்தப்பகூட அவரு ஊனல. எங்கம்மா மைதானத்துக்கு ஓடிப்போய்க் கூப்பிட்டுப் பாத்துச்சு. ஆட்டம் முடிச்சு எறங்கி வந்துதான் குழியில மண்ணு போட்டாரு."

"அடேங்கப்பா. அது மனுசன்."

டீச்சர் பக்கத்தில் நின்ற சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

பயணத்தன்றைக்கு மேகம் தலைமேல் கை வைத்தால் தட்டுப்படும் உயரத்தில் தொங்கியது. குழந்தைவேலு முதல்நாளே மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார். கிளம்பும்போது பூவாத்தா கண்ணைத் திறக்கவில்லை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். மலைக்கு முன்னால் வருகிற சின்னச் சின்ன மேடுகளில் அந்த மனுஷனுக்கு ஒரு சந்தோஷம் வந்தது. மேட்டில் நாக்குத் தள்ள ஏறி, மறுபக்கம் காலை அசைக்காமல் சரிந்து இறங்கும்போது காற்று சட்டைக்குள் புகுந்து முதுகைச் சொறிந்துவிட்டது. லாரியில் எத்தனையோ தடவை போன அதே ரோடுதான். அப்போது மழையில் நனைந்த சோளத்தட்டின் வாசனை கேபினுக்குள் வந்ததே இல்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சிரித்ததும் மேலே கிடக்கிறவள் ஞாபகம் வந்து வாயை மூடிக்கொண்டார்.

எல்லாருக்கும் பின்னால் ஒரு வேன் வரும். முடியாதவர்களை ஏற்றிக்கொள்ளும் வேன். அதற்கு வால்வண்டி என்று பெயர். அதில் ஏறுவது அவமானம். அதை ஓட்டுகிற ஸ்டீபன், நாள்பூரா வாயை மூடாத ஆள்.

"பெரியப்பா, உள்ள மெத்தை போட்டு வெச்சிருக்கேன். சுக்குக்காப்பியும் இருக்குது."

"உன் மெத்தையில உன் மாமனாரைப் படுக்க வை."

"அவரு போன வருசமே ஏறிட்டாரு. எறங்க மாட்டேங்கிறாரு."

அடிவாரத்தில் மோர் குடித்து, கடலை உருண்டையை மென்று, குழந்தைவேலு சைக்கிளில் உட்கார்ந்தார். வலது கால் தரையை விட்டுக் கிளம்பியபோது உதடு எதையோ முணுமுணுத்தது.

முதல் கொண்டை ஊசி வளைவிலேயே இளவட்டங்கள் சிலர் இறங்கித் தள்ளத் தொடங்கினார்கள். குழந்தைவேலு இறங்கவில்லை. ஆமை வேகம்தான். மூடுபனி முன்சக்கரத்தை விழுங்கிவிட்டது, எதன் மேல் மிதிக்கிறோம் என்றே தெரியவில்லை. தொடை பிடித்துக்கொண்டது. மூச்சு நெஞ்சுக்குள் போகாமல் தொண்டையிலேயே திரும்பியது. ஒவ்வொரு மிதிக்கும், "பூவாத்தா, இரு. பூவாத்தா, இரு," என்று சொல்லிக்கொண்டே ஏறினார்.

பாதி மலைகூட ஏறியிருக்க மாட்டார். பின்னாலிருந்து டீச்சர் வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

"அண்ணா, எறங்குங்க. வேன்ல போயிரலாம்."

"ஏனுங்க?"

"மேலேருந்து நர்ஸ் போன் பண்ணுனாங்க. மூச்சு மாறிருச்சாம். உங்களைத் தேடுறாங்களாம்."

குழந்தைவேலுவின் சைக்கிள் ஆடியது. விழுந்துவிடுவார் போலிருந்தது. ஆனால் நிமிர்ந்துகொண்டார்.

"அதுக்குத்தான் டீச்சர் ஊனக் கூடாது. இப்பத்தான் ஊனவே கூடாது."

"வேன்ல போனா உசுரோட பாக்கலாம்."

"ஊனாமப் போனா உசுரே நிக்கும்."

"எறங்குங்கண்ணா."

"உங்கப்பா எறங்குனாரா?"

டீச்சர் எழுந்து நின்று மிதித்து மூடுபனிக்குள் மறைந்தார்.

அடுத்த வளைவில் குழந்தைவேலு திரும்பும்போது ரோட்டுக்குக் குறுக்கே டீச்சருடைய சைக்கிள் படுத்துக் கிடந்தது. ஒரு பக்கம் பாறை. மறுபக்கம் கைப்பிடிச் சுவர். சைக்கிளுக்கும் சுவருக்கும் நடுவே டீச்சர் நின்றுகொண்டிருந்தார்.

"வழி விடுங்க டீச்சர்."

நகரவில்லை.

பாறையை ஒட்டிக் கையகல இடம் இருந்தது. குழந்தைவேலு அதில் நுழையப் பார்த்தார். டீச்சர் ஓரெட்டு வைத்து அவருடைய ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டார்.

வலது கால் தரையில் இறங்கியது.

குழந்தைவேலு அந்தக் காலையே பார்த்தார். யாரோ ஒருத்தர் கழற்றி வைத்துவிட்டுப் போன கால் மாதிரி அது ஈரத் தாரின் மேல் இருந்தது. பிறகு கையை ஓங்கினார்.

"அடிங்க," என்றார் டீச்சர். "வேன்ல உக்காந்துட்டு அடிங்க. ஸ்டீபா, கதவைத் திற."

ஸ்டீபன் அன்றைக்கு முதல்முறையாக வாயை மூடிக்கொண்டு வண்டியோட்டினான்.

அந்திநிழலில் ஜன்னலோரக் கட்டிலில் பூவாத்தா கிடந்தாள். கண் திறந்திருந்தது.

"ஏனுங், வேன்லயா வந்தீங்க?"

"ம்."

"நல்லதாப் போச்சு. அந்த மேட்டுல நெஞ்சு வெடிச்சுக் கெடப்பீங்களோன்னு பயந்துட்டே கெடந்தேன்." மூச்சு வாங்கினாள். "வேர்வை நாத்தம் கொடலைப் புடுங்குது."

"குளிச்சுட்டு வந்தர்றேன்."

"வேண்டாம். கிட்ட வாங்க."

கிட்டத்தில் போய் உட்கார்ந்தார். மேட்டிறக்கத்தில் காற்று முதுகு சொறிந்த கதையைச் சொன்னார். அவள் சிரித்ததாகத்தான் அவருக்குத் தோன்றியது. வெளியே ஒவ்வொருவராக மலையேறி வந்து சைக்கிளைச் சாத்திவைத்தார்கள். விளக்கேற்றும் முன்னால், அவர் கையைப் பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன.

காரியமெல்லாம் முடிந்தது. குழந்தைவேலு சோற்றைத் தொடுவதில்லை, வெளியே வருவதில்லை என்று ஊருக்குள் பேச்சு. ஒருநாள் மத்தியானம் டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார். வலது காலில் செருப்பில்லை.

டீச்சர் டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணா."

"கட்டிலை விட்டு எந்திரிக்க முடியல டீச்சர். காலையில இந்தக் காலைத் தரையில வெச்சா அந்த வளைவுதான் தெரியுது. நான் ஊனிட்டேன். ஊனாம ஏறியிருந்தா அவ பொழச்சிருப்பாளா?"

டியூபிலிருந்து குமிழி வந்துகொண்டிருந்தது. டீச்சர் அந்த இடத்தில் விரலை வைத்து அடைத்தார்.

"பொழச்சிருப்பாங்க."

குழந்தைவேலு இதை எதிர்பார்க்கவில்லை. வேனில் போனாலும் பறந்து போனாலும் அன்றைக்கு முடிகிற உயிர்தான் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகன் சொன்னான், நர்ஸ் சொன்னாள், பூசாரிகூடச் சொல்லிவிட்டார். எவர் சொன்னதும் அவருக்குள் இறங்கவில்லை. இது இறங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படின்னா, நானே அவளை..."

"நீங்க எங்க ஊனுனீங்க? குறுக்க வண்டியப் போட்டுப் புடிச்சு நிறுத்துனது நான். அவங்க போனது என்னாலதான். நாளையிலிருந்து எந்திரிச்சா காலைப் பாக்காதீங்க. என் பேரைச் சொல்லித் திட்டுங்க. நாலு தெருவுக்குக் கேக்கட்டும். அந்த மூட்டையை இங்க என் வண்டியில போட்டுட்டுப் போங்கண்ணா. மேட்டுல உங்களைவிட நான் நல்லா மிதிப்பேன்."

குழந்தைவேலு சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.

இன்றைக்கும் விடிந்தால் அவர் வீட்டிலிருந்து வசவு கேட்கும். காது கொடுத்துக் கேட்க முடியாத வசவு. டீச்சரின் ஏழு தலைமுறையையும் இழுத்து வைத்து, திட்டி முடித்துவிட்டுக் காப்பி குடிப்பார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போவார். ஆகையால் உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கதை அவர் காதுக்கு மட்டும் போய்விடக் கூடாது. தப்பித்தவறிப் போய்விட்டாலும், யார் சொன்னது என்று கேட்டால், ஊர்பேர் தெரியாத ஒருத்தன் சொன்னான் என்று சொல்லிவிடுங்கள்.