மூச்சுக்கு ஓர் உரிமம்

"எடுத்தவன் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். அப்படி ஓர் உரிமம் எழுதிக் கொடுங்கள், டீச்சர்" என்றார் தணிகாசலம்.

மங்கையர்க்கரசி அவரைவிடப் பதினோரு வயது இளையவர். கணினி நிரல் எழுதுகிறவர்களுக்கு உரிமச் சட்டம் கற்பிப்பவர். பாதிப் பேருக்கு அவர் டீச்சர். மீதிப் பேருக்கு வாயாடி.

"யார் எடுத்தது? எதை?"

தமிழ் எழுத்தைக் குரலாக வாசிக்கும் நிரல் ஒன்றை ஒன்பது வருடங்களுக்கு முன் எழுதி, யாரும் எடுக்கலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று உலகத்துக்குத் திறந்து விட்டிருந்தார் தணிகாசலம். ஒரு நிறுவனம் எடுத்தது. மெருகேற்றியது. மெருகைப் பூட்டி வைத்துக்கொண்டது.

"பேருந்தில் கேட்டேன், டீச்சர். பார்வையற்ற ஒருவர் கைப்பேசியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். என் நிரலின் குரல்தான். ஆனால் நீண்ட வாக்கியத்தின் நடுவே அது மூச்சு விட்டது."

"விடட்டுமே."

"ஆறு வருடம் முயன்றேன். எனக்கு வரவில்லை. இறங்கவேண்டிய இடத்தையும் தாண்டி, மூன்று நிறுத்தம் அந்த மூச்சையே கேட்டுக்கொண்டு போனேன். எப்படிச் செய்தீர்கள் என்று ஐந்து கடிதம் போட்டேன். தினமும் காலையில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து பார்க்கிறேன். ஒரு வரி இல்லை."

"கதவைக் கழற்றிப் போட்டது நீங்கள். இப்போது வந்தவன் தட்டவில்லை என்கிறீர்கள்."

"அதனால்தான் மாற்றச் சொல்கிறேன். திருத்துகிறவன் தன் திருத்தத்தையும் திறந்து வைக்கவேண்டும். அப்படி உரிமம் இருக்கிறதே!"

"இருக்கிறது. நல்ல உரிமம். இனி வெளியிடுவதற்குப் போடுங்கள். ஏற்கெனவே கொடுத்ததை அது இழுத்து வராது. எந்தத் தேதியிலிருந்து வேண்டும்?"

"முதல் நாளிலிருந்து."

"சட்டத்தில் இடமில்லை."

"சட்டம் கிடக்கட்டும். நியாயம் என்று ஒன்று இல்லையா?"

டீச்சர் தன் கைப்பேசியை எடுத்தார். அந்த நிறுவனத்தின் செயலியைத் திறந்தார். உழைத்தவர்களுக்கு நன்றி சொல்லும், யாரும் எட்டிப் பார்க்காத கடைசிப் பக்கத்துக்குப் போனார்.

"இதோ உங்கள் பெயர். கீழே இன்னொன்று இருக்கிறது. பவளக்கொடி. யார் இவர்?"

"ஆரம்பத்தில் ஒரு திருத்தம் அனுப்பியவர். அதுவரை என் குரல் கேள்வியைக்கூட உத்தரவு போலத்தான் வாசிக்கும். கேள்விக்குறி வந்தால் குரல் உயரும்படி பதினான்கு வரி எழுதியிருந்தார்."

"சேர்த்துக்கொண்டீர்கள்."

"அன்றைக்கே. பெயரையும் போட்டேன். அதுதானே முறை?"

"முறைதான். இவர்களும் உங்கள் பெயரைப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் கடிதம் இருக்கிறதா?"

தணிகாசலம் தன் கைப்பேசியில் தேடினார். இருந்தது. அதன் கீழே, அவர் எழுதிய பதில் இருக்கவேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. மேலும் கீழும் இரண்டு முறை தள்ளிப் பார்த்தார்.

"எந்தத் தேதியிலிருந்து என்றீர்கள்?" என்றார் டீச்சர்.

தணிகாசலம் கைப்பேசியை அவர் பக்கம் திருப்பினார்.

"எனக்கு அனுப்புங்கள். உங்கள் குரலே வாசிக்கட்டும்."

கடிதம் செயலிக்குள் போனது. குரல் வாசித்தது.

"ஐயா, வணக்கம். நான் எழுதிய முதல் நிரல் இது. வீட்டில் காட்டினால் புரியாது, வகுப்பில் காட்டினால் சிரிப்பார்கள் என்று உங்களுக்கு மட்டும் அனுப்புகிறேன்."

அங்கே அது மூச்சு விட்டது.

பிறகு, அந்தப் பதினான்கு வரிகள் சொன்னபடி, குரல் மெல்ல உயர்ந்தது.

"சரியாக வந்திருக்கிறதா, ஐயா?"