சராசரிக்கு மேலே

டேப்லெட் தேர்வில் அந்த மலைப்பள்ளியின் ஆறு பிள்ளைகளும் பத்துக்கு எட்டு வாங்கியிருந்தார்கள். மதிப்பீட்டுக்கு வந்த டேப்லெட் திட்ட இயக்குநர் கோபத்தில் குதித்தார்.

"ஒருத்தர்கூட சராசரிக்கு மேலே இல்லையே! மதியத்துக்குள்ள எல்லாரும் மேலே வரணும். இல்லேன்னா டேப்லெட்டெல்லாம் திரும்பிப் போயிடும்!"

அவர் டேப்லெட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைத் தற்காலிக ஆசிரியை தமயந்தி பார்த்துவிட்டாள்.

"ஆகட்டும் சார். நீங்களும் உட்கார்ந்து அதே தேர்வை எழுதுங்க."

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். திரையிலுள்ள கிளிப் படத்தைத் தட்டினால்தான் கேள்வி வரும். ஊரூராக அதைக் கொடுத்தவருக்கு அது தெரியவில்லை. நேரம் முடிந்தது. பூஜ்யம்.

"உங்க மார்க்கையும் சேர்த்ததுல சராசரி ஏழுக்குக் கீழே இறங்கிடுச்சு சார். இப்போ பிள்ளைங்க எல்லாரும் அதுக்கு மேலே."

இயக்குநரின் முகம் தொங்கிப்போனது. பக்கத்திலிருந்த குட்டி அஞ்சலை அவர் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"அழாதீங்க சார். முதல் நாள் நானும் முட்டைதான்."