நூற்று நாற்பத்து நான்கு நாய் பிஸ்கட்

அன்றைக்கு நெட்டூரணி நாய் பிஸ்கட் கொட்டகையில் இருந்தவர்கள் இவர்கள்: மேஸ்திரி தளவாய், மாவு பிசைகிற மாசானம், அடுப்பு பார்க்கிற பிரமநாயகம், லேபிள் ஒட்டுகிற செண்பகவல்லி, காவலுக்கு ஒரு நாய். ஆள் நான்கு, நாய் ஒன்று. தட்டில் ஆறிக்கொண்டிருந்த பிஸ்கட் நூற்று நாற்பத்து நான்கு. ஒன்றுக்கு ஒன்றாக அவற்றுக்கு லேபிளும் நூற்று நாற்பத்து நான்கு.

முதலாளியம்மா வெளியூர் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார்.

"நாலு மணிக்குக் கால்நடை டாக்டர் வருவாரு. அவரு கையெழுத்துப் போட்டாத்தான் நாய்கள் காப்பகத்துக்கு மாசாமாசம் நம்ம சரக்கு போகும். போடலைன்னா கொட்டகைக்குப் பூட்டுதான். நாம வாயில வச்சுப் பாக்காத எதையும் நாய்க்குக் கொடுக்கக் கூடாது. உள்ள என்ன இருக்கோ, ஒண்ணு விடாம மேல எழுதி ஒட்டணும். டாக்டர் சரின்னதும் சரக்கை அவர் வேன்லயே ஏத்திடணும்."

இந்தக் கொட்டகையை விட்டால் தளவாய்க்கு வேறு போக்கிடம் கிடையாது. தின்று பார்ப்பது, எழுதி ஒட்டுவது, வேனில் ஏற்றுவது என்று மூன்றையும் விரல் மடக்கி மனப்பாடம் செய்துகொண்டார். பிறகு ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றார்.

"இது நல்லா இருக்கு" என்றார்.

"அப்போ மத்ததும் நல்லாத்தானே அண்ணாச்சி இருக்கும்? ஒரே மாவு, ஒரே அடுப்பு" என்றான் பிரமநாயகம்.

"நீயும் உன் தம்பியும் ஒரே வீடுதான். ரெண்டு பேரும் ஒண்ணா?"

பிரமநாயகம் தம்பியை நினைத்துப் பார்த்துவிட்டுத் தானும் ஒன்றை எடுத்தான்.

"பாதி கடிச்சுப் பாத்துட்டு மிச்சத்தை வச்சிருவோமே" என்றாள் செண்பகவல்லி.

"அந்த மிச்சப் பாதி எப்படி இருக்குன்னு உனக்கு எப்படித் தாயி தெரியும்?"

நால்வரும் உட்கார்ந்து கடமையைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பிஸ்கட்டும் தட்டிலிருந்து வாய்க்குப் போக, நாயின் தலையும் கூடவே போய் வந்தது. மூன்றரை மணிக்கு மாசானம் ஐம்பத்தொன்று, பிரமநாயகம் நாற்பது, தளவாய் முப்பத்திரண்டு, செண்பகவல்லி இருபது. தட்டில் ஒன்று இருந்தது. அதற்கு மேல் ஒருவராலும் முடியவில்லை.

செண்பகவல்லி லேபிள் கட்டோடு திகைத்து நின்றாள். "அண்ணாச்சி, இதை எதுல ஒட்ட?"

தளவாய் இரண்டாவது விரலைப் பார்த்தார். "சரக்கு எதுக்குள்ள இருக்கோ அதுக்கு மேலதான்."

ஆளுக்கொரு லேபிளை வயிற்றில் ஒட்டினாள். கம்பு மாவு, கோழி ஈரல், பூசணி, முட்டை. கீழே எண்ணிக்கை.

"காலைல நாலு இட்லி தின்னேனே" என்றான் மாசானம்.

"எழுது தாயி. மறைக்கக் கூடாது."

"தொட்டுக்க?"

"தேங்காச் சட்னி. ரெண்டு தரம்."

சரியாக நான்கு மணிக்கு டாக்டர் வந்தார். வரிசையாக நின்ற நான்கு வயிறுகளையும் படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார்.

"அந்த ஒண்ணையாவது நாய்க்குப் போடுங்கப்பா. தின்னுதான்னு பாப்போம்."

"பாக்காததை எப்படிங்கய்யா வாயில்லா சீவனுக்குக் கொடுக்கது?" என்று பதறினார் தளவாய்.

மாசானம் கண்ணை மூடிக்கொண்டு அதையும் விழுங்கினான். "நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி." செண்பகவல்லி அவன் வயிற்றில் ஐம்பத்தொன்றை அடித்துவிட்டு ஐம்பத்திரண்டு என்று திருத்தினாள்.

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "இத்தனை வருஷத்துல இவ்வளவு உண்மையான லேபிளை நான் பாத்ததில்ல. சரி, கொடுங்க" என்று கையெழுத்துப் போட்டார்.

தளவாய்க்கு உயிர் வந்தது. மூன்றாவது விரலை மடக்கினார். "ம், ஏறுங்க."

டாக்டர் எழுந்து வெளியே வருவதற்குள், நால்வரும் அவர் வேனில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

"காப்பகத்துல எத்தனை நாய் அண்ணாச்சி?" என்று உள்ளே பிரமநாயகத்தின் குரல் கேட்டது.

"அறுபது."

"எல்லாத்துக்கும் நாம போதுமா?"

கொட்டகையில் மிச்சம்: நாய் ஒன்று, லேபிள் நூற்று நாற்பது.